கறுப்புக் கவரில் பத்து ட்ரே

தப்பு முழுக்க அந்த சேல்ஸ்மேன் மேல்தான். இன்றைக்கு ஒவ்வொரு ஆஸ்பத்திரியாகப் போய் என் கதையைச் சொல்லிச் சிரிக்கிறானே, அவன் மேல்தான்.

நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தின் பிளேட் ரூமில் வேலை பார்க்கிறேன். காலண்டர் அடிக்கிற பிளேட்டில் ஒரு பூச்சு உண்டு. வெளிச்சம் பட்டால் வேலை செய்யும். ஒருமுறை பட்டுவிட்டால் அதன் கதை முடிந்தது. அதனால் கறுப்புக் கவரிலேயே வைத்திருப்போம்.

என் மனைவி எஸ்தர் விருதுநகரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸ். பட்டாசு ஆலையில் தீப்பட்டு வருகிறவர்களுக்குப் புண்ணில் கிருமி ஏறினால் உயிருக்கே ஆபத்து. கிருமியைக் கொல்லும் பூச்சுள்ள பிளாஸ்டிக் ட்ரேக்களை வாங்கச் சொல்லி டாக்டரிடம் மன்றாடினாள்.

"பத்து வாங்குவோம். திங்கட்கிழமை டெஸ்ட். தேறலைன்னா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது" என்றார் அவர்.

சனிக்கிழமை சேல்ஸ்மேன் சிவகாசிக்கே வந்து, ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லி ட்ரேக்களை என்னிடம் கொடுத்தான். "அண்ணாச்சி, இது வெளிச்சம் பட்டா வேலை செய்யுற கோட்டிங்."

"எனக்கேவா சொல்லித் தர்றே? நான் பிளேட் ரூம் ஆளு" என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டான்.

பத்தையும் கறுப்புக் கவரில் சுற்றி பைக்கில் கட்டினேன். விருதுநகரில் எண்ணெய்ப் பரோட்டா சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், கவர் எல்லாம் கிழிந்திருந்தது. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி சுற்றினேன். (அது முந்தின நாள் போட்ட சட்டை.) வார்டில் வைத்து, மேலே எழுதியும் ஒட்டினேன்: 'வெளிச்சம் படக் கூடாது.'

எஸ்தர் அதற்குள் டூட்டி முடிந்து கிளம்பியிருந்தாள்; ஞாயிறு அவளுக்கு லீவு. திங்கள் அவள் வருமுன்னே லேப்காரர் கவரைப் பிரித்து, பஞ்சால் ஒற்றி எடுத்துப் போய்விட்டார்.

புதன்கிழமை ரிசல்ட். பத்திலும் கிருமி. "சிஸ்டர், சாதா ட்ரேயே தேவலையே!" என்றாராம் டாக்டர்.

"எல்லார் முன்னாடியும் அழக் கூடாதுன்னு பாத்ரூம்ல போய் அழுதேன். என்ன பண்ணி வச்சிருக்கீக?"

"பத்திரமா வச்சேன்."

"எத? கிருமியவா?"

மறுநாள் டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன், பரோட்டா உட்பட. கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுச் சிரித்தார். ட்ரேக்களைக் கழுவி, ஜன்னல் ஓரம் நல்ல வெளிச்சத்தில் ரெண்டு நாள் வைத்து மறுபடி டெஸ்ட் எடுத்தார்கள். தேறிவிட்டது. இப்போது கட்டில் கம்பிக்கும் அதே பூச்சுதான்.

நான்தான் தேறவில்லை. வீட்டுக்குள் நுழைந்தாலே என் மகள் கத்துகிறாள்: "அப்பா வர்றாக, லைட்ட அணைங்க! கெட்டுப் போயிருவாக!"

ஏ சேல்ஸ்மேன், வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்கள் சர்ச் வாசலுக்கு வா. எஸ்தர் இருப்பாள், டாக்டரையும் வரச் சொல்கிறேன். அத்தனை பேர் முன்னால் பதில் சொல்: கவரைப் பிரித்து வைக்கணும்னு ஒரு வார்த்தை என்னிடம் சொன்னாயா, இல்லையா?