குதிகால் கட்டாத பலகை

நான் யார் காலிலும் விழாதவள் என்று அறுபத்தேழு வயது வரைக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். (கல்யாணத்தன்று பெரியவர்கள் காலில் விழுந்தது சேர்த்தி இல்லை. அது எல்லோரும் விழுவது.) அந்தப் பெருமை கொண்டப்பநாயக்கன்பட்டியில், என் சொந்த வீட்டு வாசலில், காலை பதினோரு மணிக்குப் போயிற்று. விழுந்ததும் வேறு யார் காலிலும் இல்லை, ராசிபுரத்துச் சம்பந்தியம்மா காலில்.

எனக்கும் அந்த அம்மாவுக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சு கிடையாது. இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது, ராசிபுரத்துக்கு நேரில் போய்த் தட்டு வைத்து அழைக்காமல் போனில் சொல்லிவிட்டேன். கொத்தனாரும் பெயிண்டரும் இந்தப் பக்கம் ஒருத்தர் அந்தப் பக்கம் ஒருத்தராக என்னைப் பிய்த்துக்கொண்டிருந்த சமயம். அந்த அம்மா வரவில்லை. “போன்ல கூப்புட்டாங்க, போன்லயே சாப்புட்டுக்கறனுங்க” என்று சொல்லி அனுப்பினார்கள். நானும், வராவிட்டால் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

என் மகள் சுமதியும் மாப்பிள்ளையும் நார்வேயில் இருக்கிறார்கள். லீவுக்கு வந்த இடத்தில் பேத்திக்குக் காது குத்த வேண்டும். சுமதி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். “ரெண்டு பேரும் பேசலைன்னா காதும் குத்தலை, ஒண்ணும் குத்தலைங்கம்மா. அடுத்த லீவுக்கு நாங்க வாரதும் சந்தேகம்தான்.” மாப்பிள்ளை ராசிபுரத்துக்குப் போய்ப் பேசினார். அவர் அம்மா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்களாம். நான் வாசலுக்கு வந்து, என் வாயால் வாங்க என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் உள்ளே வருவார்கள், இல்லையென்றால் அதே காரில் திரும்பிவிடுவார்கள். சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வருவதாக ஏற்பாடு.

இதற்கு நடுவில்தான் அந்தப் பலகை வந்து சேர்ந்தது.

நார்வேக்குத் திரும்பும் வழியில் மகளும் மாப்பிள்ளையும் காஷ்மீருக்குப் போய்ப் பனியில் சறுக்கப் போகிறார்களாம். அதற்காகச் சுமதி புதுச் சாமான் வாங்கி வந்திருந்தாள். ஆள் உயரத்துக்கு இரண்டு பலகை, இரண்டு குச்சி, உரல் கனத்துக்கு ஒரு ஜோடி பூட்ஸ். டெலிமார்க் என்று பெயர் சொன்னாள். பூட்ஸ் புதுசு, மடங்கவில்லை, வீட்டிலேயே போட்டு நடந்து பழக்க வேண்டும் என்று தினமும் டொக்கு டொக்கென்று நடந்தாள். கிரானைட் தரையில் லாடம் அடித்த மாடு நடக்கிற மாதிரி இருந்தது. மாப்பிள்ளை என் சேலை தேய்க்கிற இஸ்திரிப் பெட்டியை எடுத்துப் பலகையின் அடிப்பக்கத்தில் மெழுகைத் தேய்த்தார். கட்டைக்கு எதற்கு இஸ்திரி என்று கேட்டேன். வழுக்குவதற்கு என்றார். வழுக்கக் கூடாது என்றுதானே ஊரில் எல்லோரும் பார்த்துப் பார்த்து நடக்கிறோம்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அதைவிட விளங்காதது குதிகால். பூட்ஸின் முன்பக்கம் பலகையில் கடித்துக்கொள்கிறது. பின்னால் ஒரு கம்பி குதிகாலைச் சுற்றிப் பிடிக்கிறது. பிடித்தும் என்ன, குதிகால் தூக்கிக்கொண்டே நிற்கிறது. கடைக்காரன் பாதி வேலையில் கொடுத்து உன்னை ஏமாற்றிவிட்டான் என்றேன். அதுதான் டெலிமார்க் என்று சுமதி ஒரு காலை முன்னால் விட்டு, பின்காலின் குதியைத் தூக்கி, முட்டியைத் தரைக்கு இறக்கிக் காட்டினாள். இறக்கும்போதே சாய்ந்து சோபாவில் விழுந்தாள். மூன்று தடவை காட்டினாள், மூன்று தடவையும் விழுந்தாள். எனக்கு உறுதியாகிவிட்டது. குதிகால் கட்டாததுதான் கோளாறு.

சனிக்கிழமை மாப்பிள்ளை அவர் அம்மாவை அழைத்து வரக் காரில் ராசிபுரம் போயிருந்தார். பத்தரை மணிக்குச் சுமதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பூ வாங்கப் போனாள். அவள் காலில் கொப்புளம் கண்டிருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. புதுச் செருப்பு கடித்தால் என்ன செய்வோம்? தேங்காய் எண்ணெய் தடவுவோம். பூட்ஸ் உள்ளே அரைக் கிண்ணம் ஊற்றித் தடவினேன். அவளுக்கும் எனக்கும் ஒரே பாதம், நானே போட்டுப் பழக்கிவிடலாம் என்று காலை நுழைத்தேன். நுழைத்தது நுழைத்தோம், கடைக்காரன் விட்ட குறையையும் முடித்துவிடலாம் என்று தோன்றியது. சோபாவில் உட்கார்ந்தபடியே இரண்டு காலையும் பலகையில் மாட்டினேன். துணி காயப்போடுகிற நைலான் கயிற்றால் வலது குதிகாலைப் பலகையோடு சேர்த்து இறுக்கி, மாட்டுக்குப் போடுகிற முடிச்சாக மூன்று போட்டேன். அசையவில்லை. இத்தனை படித்தவர்களுக்கு இது தோன்றவில்லையே என்று எனக்கே என்மேல் மதிப்பு வந்தது.

இடது காலுக்குக் கயிற்றை எடுக்கும்போது வாசலில் கார் ஆரன்.

பன்னிரண்டு மணிக்கு வர வேண்டியவர்கள் பதினோரு மணிக்கே வந்துவிட்டார்கள். முடிச்சு அவிழவில்லை. இடது காலில் மாட்டத் தெரிந்ததே தவிரக் கழற்றத் தெரியவில்லை. நான் வாசலுக்குப் போகாவிட்டால் அந்த அம்மா திரும்பிவிடுவார்கள், பேத்தி காது மூளியாகவே நார்வேக்குப் போய்விடும். அதை நினைத்ததும் குச்சியை ஊன்றி எழுந்துவிட்டேன்.

பூட்ஸிலிருந்து வழிந்த எண்ணெய் தரையெல்லாம் பரவியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். கவனித்து என்ன செய்ய? குச்சியை ஒரு தள்ளுத் தள்ளியதும் வீடு என்னைத் தாண்டிப் பின்னால் ஓடியது. சாமி படம் போனது, டிவி போனது, சாப்பாட்டு மேசை போனது. (என் வீடு இத்தனை நீளம் என்று கட்டும்போது தெரியவில்லை.) நிலைப்படியில் பலகையின் மூக்கு மோதி நின்றது. நான் நிற்கவில்லை. கட்டின வலது கால் முன்னால் அப்படியே இருக்க, கட்டாத இடது கால் பின்னால் போய், குதிகால் எழும்பி, முட்டி தரையைத் தொட்டது. விழாமல் இருக்கக் கையில் கிடைத்ததைப் பிடித்தேன். படிக்கு அந்தப் பக்கம் நின்ற சம்பந்தியம்மாவின் இரண்டு பாதங்கள் அவை.

எனக்கு வாயில் வந்தது ஒரே வார்த்தைதான்.

“வாங்க.”

அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “எந்திரிங்க சம்பந்தி. என்னைய விட மூத்தவங்க, எங்கால்ல உழுகலாமுங்களா? ஒரு வார்த்தை கூப்புட்டாப் போதும்னுதானே சொன்னேன்” என்று என் தோளைப் பிடித்துத் தூக்கினார்கள். பிறகு என்னைத் தாண்டி, எண்ணெயை மிதிக்காமல் ஓரமாக ஒதுங்கி, உள்ளே போய் உட்கார்ந்தார்கள். ஆள் உயரப் பலகை இரண்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாப்பிள்ளை மட்டும் கயிற்றைப் பார்த்தார். உடனே திரும்பித் தென்னை மரத்தைப் பார்த்து நின்றார். முதுகு குலுங்கியது. அப்புறம் காய் நறுக்குகிற கத்தியைக் கொண்டுவந்து முடிச்சை அறுத்தார். பூவோடு வந்த சுமதிக்கு அவர் அதை நடித்தே காட்டினார். தனக்கு வராதது அம்மாவுக்கு முதல் தடவையிலேயே வந்துவிட்டதே என்று அவளுக்கு வருத்தம்.

அடுத்த வாரம் காதுகுத்து நன்றாக நடந்தது. பந்தி முடிந்து நானும் சம்பந்தியும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தோம். காம்பைக் கிள்ளிக்கொண்டே அந்த அம்மா மெதுவாகச் சொன்னார்கள். “கயிறு அன்னைக்கே தெரிஞ்சுதுங்க. கட்டிப் போடாம நீங்களா உழுகற ஆளா? ரெண்டு வருசமா எனக்கும் உள்ள வரோணும்னு இருந்துது. அதான் பாக்காத மாதிரி வந்துட்டேன்.”

அப்படியானால் இறங்கி வந்தது நானா, அவர்களா என்று எனக்கு இன்றுவரை குழப்பம்தான்.

காஷ்மீர் குளிரில் பூட்ஸில் இருந்த எண்ணெய் கட்டியாக உறைந்து, சுமதி கரண்டியால் சுரண்டி எடுத்தாளாம். இப்போதும் எனக்கும் சம்பந்திக்கும் ஏதாவது உரசல் என்று காதில் விழுந்தால் மாப்பிள்ளை நார்வேயிலிருந்து போன் போடுவார். நலம் விசாரிப்பதெல்லாம் பிறகுதான்.

“அத்தை, பலகை அனுப்பட்டுங்களா?”

கயிறு என்னிடமே இருக்கிறது, பலகையை மட்டும் அனுப்புங்கள் என்பேன்.