தகரப் படலைக்கு மூன்று கட்டாக் கருவாடு

"இது புதுசா, பழசா?"

"புதுசு டீச்சர். போன மாசந்தான் செஞ்சது."

"அப்ப ஏன் படம் இப்படிக் கட்டங்கட்டமா இரிக்கு? கொம்பியூட்டர் பழுதா?"

"பழுதில்ல. பழசு மாதிரி இரிக்கணும் எண்டு கஷ்டப்பட்டுச் செஞ்சிரிக்காங்க."

"நல்லாச் செய்யத் தெரியாமலா?"

"நல்லாச் செய்யத் தெரிஞ்சவங்கதான் டீச்சர் இப்படிச் செய்வாங்க."

"அல்லாஹ்வே! சரி, இந்தக் கடதாசியில மூணு கொப்பி எடுத்துத் தாங்க."

மனித நாகரிகத்தின் திசையைத் திருப்பிய உரையாடல்கள் என்று யாராவது ஒரு பட்டியல் தயாரித்தால், யுத்தம் முடிந்த வருடம் கற்பிட்டியில், கோட்டைக்குப் போகும் வீதியிலுள்ள போட்டோக்கொப்பிக் கடையில் நடந்த இந்த உரையாடல் அதில் கட்டாயம் இடம்பெறும். கடைக்காரன் நௌஃபர் அப்படித்தான் நம்பினான். ஆறு வருடங்களாக அதை வரி பிசகாமல் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்து வருகிறான். "அல்லாஹ்வே!" என்ற இடத்தில் மட்டும் நிறுத்தி, இரண்டு தரம் கேட்பான்.

அன்று திரையில் ஓடிக்கொண்டிருந்தது சாகச விளையாட்டு என்னும் அரிய கலைவடிவம். ஒரு படம் வரும். அதில் ஒருவன் நிற்பான். அவனுக்கு முன்னால் ஒரு பூட்டிய கதவு. கண்ணில் படும் பொருட்களை மவுஸால் சொடுக்கி எடுத்துப் பைக்குள் போட்டு, ஒன்றை இன்னொன்றோடு பாவித்துக் கதவைத் திறக்க வேண்டும். திறந்தால் அப்பால் இன்னொரு பூட்டிய கதவு இருக்கும். முப்பது வருடத்துக்கு முன் பெரிய கம்பனிகள் செய்து, செய்து, களைத்துக் கைவிட்ட இந்த வகையை இப்போது பின்லாந்திலும் ஸ்லோவேனியாவிலும் தனி ஆட்கள் வீட்டுக் குசினி மேசையில் இருந்து செய்து இணையத்தில் இலவசமாகப் போடுகிறார்கள். உலகத்துக்கு அவர்கள் செய்யும் தொண்டு அது. அந்தத் தொண்டுக்குப் புள்ளி போடுவது கற்பிட்டி செய்யும் தொண்டு.

அதற்கென்றே "கற்பிட்டிப் பிரதேச சாகச விளையாட்டு மதிப்பீட்டு மன்றம்" இயங்கியது. தலைவர், ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர் நெய்னார். செயலாளர், வன்னியிலிருந்து யுத்த காலத்தில் வந்து இப்போது ஹோட்டலொன்றில் வெள்ளைக்காரருக்கு அறைச் சாவி கொடுக்கும் தவச்செல்வன். பிரதம மதிப்பீட்டாளர், நௌஃபர். உறுப்பினர் என்று வேறு ஒருவரும் இல்லாததால் தேர்தல்கள் அமைதியாக நடந்தன. சனிக்கிழமைதோறும் அஸர் தொழுகைக்குப் பின் கடையில் கூட்டம். தீர்ப்பு, பத்துக்கு எத்தனை கட்டா மீன் கருவாடு என்ற அளவில் இணையத்தில் வெளியாகும். பத்துக் கருவாடு வாங்கிய விளையாட்டு இன்றுவரை பிறக்கவில்லை. ஏழு கருவாடு பெற்ற பின்லாந்துக்காரர் ஒருவர், பரிசு எப்போது தபாலில் வரும் என்று விசாரித்து எழுதியிருந்தார். கருவாட்டைத் தபாலில் சேர்ப்பது தொடர்பான விதிகளைத் தலைவர் நாற்பது நிமிடம் விளக்கினார். அது கூட்டறிக்கையில் பதியப்பட்டது.

நௌஃபரின் வெற்றிக்குக் காரணம் அவன் வகுத்த மூன்று விதிகள். கண்ணில் பட்டதையெல்லாம் எடு. எடுத்ததையெல்லாம் எல்லாவற்றோடும் பாவித்துப் பார். யாருடனாவது பேச நேர்ந்தால், கீழ் வரியைத் தொடாதே.

மூன்றாவதுதான் மகத்தானது. இந்த விளையாட்டுகளில் யாரோடாவது பேசப் போனால், நாம் சொல்லக்கூடிய நாலைந்து வசனங்கள் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். ஆகக் கீழே இருப்பது எப்போதும் "சரி, நான் வாறன்" என்பதுதான். அதைத் தொட்டால் பேச்சு முடிந்துவிடும். மேல் வரிகளெல்லாம் தீரும்வரை விவேகி கீழ் வரியைத் திரும்பியும் பாரான். நூற்று நாற்பத்தேழு விளையாட்டுகளில் இந்த விதி நௌஃபரை ஒரு தரமும் கைவிடவில்லை.

விளையாட்டுக்கு வெளியிலும் அவன் விதி தவறாதவன். மூன்று கொப்பி எடுத்த றுமைஸா டீச்சர், குறிஞ்சிப்பிட்டியில் உம்மா ஹாஜராவோடு இருந்தார். தொண்ணூறாம் ஆண்டு வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டபோது ஹாஜரா கையில் கொண்டுவந்தது ஒரு மாற்றுச் சேலையும் ஐந்து வயது றுமைஸாவும்தான். யாரோ ஒருவருடைய தென்னங்காணியில் சின்ன வீடு. முன்னால் வேலிக் கதவாக ஒரு தகரப் படலை. அந்தப் படலைக்கு நௌஃபர் மாதம் ஒரு தரம் போனான். ஒரு தரம் வெங்காயப் பிடி. ஒரு தரம் சூரைக் கருவாடு. பிறகு வத்தகப்பழம், மேசை ஃபேன், பிளாஸ்டிக் கதிரை இரண்டு, உயிருள்ள சேவல் ஒன்று.

"சந்தோஷம் மகன்," என்பார் ஹாஜரா, வாங்கி வைத்துவிட்டு. "வேற என்ன?"

"வேற ஒண்டுமில்ல மாமி. சரி, நான் வாறன்."

சொல்ல வேண்டிய ஒன்று அவனுக்கு இருந்தது. ஆனால் எங்கள் கரையோரத்தின் உன்னதமான வழக்கமொன்று அவன் வாயைக் காத்தது. மாப்பிள்ளை வீட்டார் வாய் திறக்க மாட்டார்கள். பெண் வீட்டார்தான் கேட்டு வருவார்கள். வெறுங்கையோடு வருவதில்லை, சுவர், ஓடு, உறுதிப் பத்திரம் எல்லாம் அடங்கிய ஒரு வீட்டோடு வருவார்கள். மாப்பிள்ளை அதில் குடிபோய்ப் பெண்ணைக் கௌரவிப்பார். எவ்வளவு கண்ணியமான ஏற்பாடு! கேட்கும் சங்கடம் ஒருவருக்கும் இல்லை, பெண்ணைப் பெற்றவர்களைத் தவிர. "கேட்டு வரட்டும், பாப்பம்," என்று நௌஃபரின் உம்மா நஃபீஸாவும் ஆறு வருடமாகப் பெருந்தன்மையோடு காத்திருந்தார்.

இந்த நிலையில்தான் றுமைஸா டீச்சர் ஒருநாள் கடைக்கு வந்து ஒரு பென்டிரைவை மேசையில் வைத்தார்.

"நானும் ஒண்டு செஞ்சன். மன்றத்துக்குப் போடுங்க."

"டீச்சரா? விளையாட்டா?"

"ஏன், பின்லாந்துக்காரருக்கு மட்டுந்தான் குசினி மேசை இரிக்கா?"

விளையாட்டின் பெயர் "தகரப் படலை". பதினாறு நிறம். ஒரு தென்னங்காணி, ஒரு படலை, ஓர் ஆடு, கதிரையில் ஓர் அம்மணி. படலைக்கு வெளியே ஒரு பையோடு கதாநாயகன். கீழே நாலு பொத்தான்கள்: பார், எடு, பாவி, பேசு.

"பாவியா? யாரச் சொல்லுது?" என்று தலைவர் கதிரையைவிட்டு எழுந்தார்.

"உங்கள இல்லை தலைவர். பொருளைப் பாவிக்கிறது," என்று தவச்செல்வன் அவரை இருத்தினான்.

மன்றம் காரியத்தில் இறங்கியது. பையிலிருந்த வெங்காயத்தை அம்மணியிடம் கொடுத்தார்கள். "சந்தோஷம் மகன். வேற என்ன?" என்றது திரை. கருவாட்டைக் கொடுத்தார்கள். "சந்தோஷம் மகன். வேற என்ன?" ஃபேனைக் கொடுத்தார்கள். ஃபேனை ஆட்டோடு பாவித்தார்கள். ஆட்டை வத்தகப்பழத்தோடு பாவித்தார்கள். சேவலைப் படலைக்கு மேலால் எறிந்தார்கள். அது நடந்து திரும்பி வந்தது.

"இந்த வசனம் எங்கயோ கேட்ட மாதிரி இரிக்கு," என்றான் நௌஃபர் நெற்றியைச் சுருக்கி.

"எனக்கும்," என்று தவச்செல்வன் அவனையே பார்த்தான்.

"வேற விளையாட்டுல இருந்து களவெடுத்திரிக்கா. எழுதிக்கோங்க, சொந்தக் கற்பனை போதாது."

தவச்செல்வன் பெருமூச்சோடு எழுதிக்கொண்டான்.

பேசிப் பார்த்தார்கள். "இண்டைக்கு நல்ல வெயில்", "காத்தும் கூட", "ஆடு நல்லமா?" என்று மூன்று வரிகள். நாலாவதாக, ஆகக் கீழே, "நான் வந்த விஷயம்…" என்று ஒன்று. வெயிலைத் தொட்டால் "நேத்தும் வெயில்" என்று புதிய வரி முளைத்தது. அதைத் தொட்டால் "முந்தநாளும்". மூன்று சனிக்கிழமைகள் மன்றம் காலநிலையை ஆராய்ந்தது. ஏப்ரல் மாதம்வரை பின்னால் போனார்கள்.

"நௌஃபர் அண்ணை, அந்தக் கீழ் வரியை ஒருக்கா அமத்திப் பாப்பமே?"

"தவம், நீங்க மன்றத்துக்குப் புதுசு."

"அஞ்சு வருஷமா வாறன் அண்ணை!"

"அதத்தான் சொல்றன். என்ன எழுதியிருந்தா என்ன, கீழ இரிந்தா அது வெளிய போற வழி."

"சட்டம் சட்டந்தான்," என்றார் நெய்னார், கருவாட்டு விளக்கத்தின்போது இருந்த அதே கம்பீரத்தோடு.

வெள்ளிக்கிழமை தீர்ப்பு வெளியானது. "படலை திறக்க வழியே இல்லாத விளையாட்டு. பேச்சு வளர்கிறதே தவிர முன்னேறவில்லை. கதாநாயகன் எதற்காக அங்கே வந்து வந்து போகிறான் என்பதை ஆசிரியர் கடைசிவரை சொல்லவில்லை. மூன்று கட்டாக் கருவாடு." தமிழில் இதைவிட நேர்மையான விமர்சனம் எழுதப்பட்டதில்லை. தன்னைப் பற்றி ஒரு மனிதன் இவ்வளவு துல்லியமாக, அது தன்னைப் பற்றியது என்றே தெரியாமல், எழுதுவது எல்லோருக்கும் வாய்க்காது.

செவ்வாய்க்கிழமை பாடசாலை விட்டதும் றுமைஸா டீச்சர் வந்தார். கையில் ஒரு படிவம்.

"மூணு கொப்பி."

நௌஃபர் அதை இயந்திரத்தில் வைக்கும்போது தலைப்பைப் பார்த்தான். மீள்குடியேற்றப் பதிவு.

"யாருக்கு டீச்சர்?"

"எங்களுக்குத்தான். மன்னார்ல வாப்பாட காணியிரிக்கு. ஊடு கட்ட உதவி வருதாம். உம்மா பேர் குடுத்திட்டா. நான் ட்ரான்ஸ்பர் கேட்டிரிக்கன். நோன்பு முடிஞ்சோன்ன போறம்."

இயந்திரம் மூன்று கொப்பி தள்ளியது. நாலாவதையும் தள்ளியது. ஐந்து, ஆறு, ஏழு…

"என்ன செய்றீங்க?"

"மூணுக்கு முப்பது அமத்திட்டன் டீச்சர்."

"முப்பது தரம் அனுப்பவா பாக்கிறீங்க?"

அவன் நிறுத்தும் பொத்தானைத் தேடினான். ஆறு வருடம் தினமும் தொட்ட பொத்தான். அன்று அதைக் காணவில்லை. கடதாசிகள் தரையெல்லாம் பறந்தன. டீச்சர் குனிந்து மூன்றைப் பொறுக்கிக்கொண்டார்.

"மூணு கருவாடு பாத்தன்," என்றார் நிமிர்ந்து.

"மன்றத்துட ஏகமனதான முடிவு டீச்சர்."

"கீழ் வரிய அமத்தினீங்களா?"

"அது வெளிய போற வழி டீச்சர்."

"இல்ல," என்றார் றுமைஸா. கொப்பிகளை மடித்துக்கொண்டார். "அதுதான் உள்ள வாற வழி."

போய்விட்டார்.

நௌஃபர் கொம்பியூட்டருக்கு முன் இருந்தான். நூற்று நாற்பத்தெட்டாவது விளையாட்டில், வாழ்க்கையில் முதல் தடவையாக விதியை மீறினான். "நான் வந்த விஷயம்…" சொடுக்கு. தகரம் கிறீச்சிட்டது. கதிரையிலிருந்த அம்மணி எழுந்தார். பதினாறு நிறத்திலும் அது ஹாஜரா மாமிதான் என்று தெரிந்தது. "ஆறு வருஷம் எடுத்தீங்க மகன்," என்றது திரை. "ஃபேன் வந்திச்சு, கதிரை வந்திச்சு, சேவலும் வந்திச்சு. நீங்கதான் வரல்ல."

அவசரக் கூட்டம் கூடியது.

"மதிப்பீட்டத் திருத்தணும்," என்றார் நெய்னார். "பத்துக் கருவாடு! சரித்திரத்துல முதல் தரம்!"

"தலைவர், திருத்த வேண்டியது மதிப்பீடு இல்லை, மதிப்பீட்டாளர். நடவுங்கோ!" என்று தவச்செல்வன் இருவரையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றினான். வழியில் வத்தகப்பழக் கடையொன்றைக் கண்டதும் நௌஃபர் இறங்கப் பார்த்தான். தலைவர் அவனுடைய ஷேட் கொலரைப் பிடித்துக்கொண்டார். முதலாம் விதி அத்துடன் ஒழிந்தது.

தகரப் படலைக்கு அப்பால் பிளாஸ்டிக் கதிரையில் ஹாஜரா இருந்தார். பக்கத்தில் மேசை ஃபேன் பெட்டிக்குள் போய்க் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. ஜன்னல் திரை ஒரு தரம் அசைந்து நின்றது. மன்றத்தின் மற்ற இரு அங்கத்தவர்களும் தென்னை மரமொன்றுக்குப் பின்னால் பார்வையாளர்களாக நின்றனர். மரம் ஒருவருக்கே போதவில்லை.

"என்ன மகன், கை வெறுங்கையா இரிக்கு? சுகமில்லையா?"

"சுகம் மாமி."

"ம்."

"இண்டைக்கு நல்ல வெயில் மாமி."

"ஓம். நேத்தும் வெயில்."

"காத்தும் கூட."

"கற்பிட்டியில காத்து எண்டைக்கு மகன் குறைஞ்ச?"

"ஆடு நல்லமா?"

"வித்திட்டன். மன்னாருக்கு ஆட்டையும் இழுத்திட்டா போக ஏலும்?"

மேல் வரிகள் தீர்ந்துவிட்டன. தென்னைக்குப் பின்னாலிருந்து தலைவர் இருமினார்.

"வேற என்ன மகன்?" என்றார் ஹாஜரா வழக்கம்போல. கயிற்று முடிச்சை இறுக்கியபடி தானே தொடர்ந்தார். "உங்கட உம்மா நாங்க கேட்டு வருவம் எண்டு பாத்திட்டிரிக்காவாம். கேள்விப்பட்டன். எத எடுத்திட்டு வாற? எங்கட ஊடு மன்னார்ல கூரையில்லாம நிக்கிது. அத உருட்டிக்கிட்டா வாறது?"

நௌஃபர் படலையைப் பிடித்துக்கொண்டான். தகரம் சுட்டது. கையை எடுக்கவில்லை.

"மாமி, நான் வந்த விஷயம்…" என்றான். கீழ் வரியைத் தொட்டாயிற்று. ஆனால் பேச்சு முடிந்துவிடவில்லை, அப்போதுதான் தொடங்கியது. "இருபத்தஞ்சு வருஷமா, ஊட்டப் பறிகொடுத்திட்டு வந்த ஆக்கள்ட்ட, ஊட்டோட வந்து கேளுங்க எண்டு காத்திட்டிருந்த ஊர் மாமி இது. அதுல ஒருத்தன் நான். எனக்கு ஊடு வேணாம். றுமைஸாவ எனக்குத் தாங்க."