கனகராயன்குளத்து உலக சம்பியன் மீள்போட்டி

"கறுப்பு இராணியைக் காணேல்லை," என்றான் ஸ்ரனிஸ்லஸ்.

வாசிகசாலை மேசைக்குக் கீழே தவழ்ந்து தேடிக்கொண்டிருந்த கௌசலா அவசரமாக எழும்பியதில் தலையை இடித்துக்கொண்டாள். நாலு மணிக்குப் போட்டி. சுவரில் பதாகை வேறு தொங்கியது: 'உலக சதுரங்க சம்பியன் – வரலாற்று மீள்போட்டி.'

உலகம் என்றால் கனகராயன்குளம்தான். பன்னிரண்டு வருடத்துக்கு முன் இதே வாசிகசாலையில் கௌசலாவின் அப்பா பாலனும் ஸ்ரனிஸ்லஸின் அப்பா பஸ்தியாம்பிள்ளையும் இறுதியாட்டம் ஆடினார்கள். இடையில் கரண்ட் போனது. திரும்ப வந்தபோது ஒரு குதிரை இடம் மாறி நின்றது. "நீர்தான்!" "இல்லை, நீர்தான்!" அன்றிலிருந்து வயல்காரர் பாலனுக்கும் கருவாட்டுக்கடைக்காரர் பஸ்தியாம்பிள்ளைக்கும் பேச்சில்லை.

அவர்களுடைய பிள்ளைகளோ மூன்று வருடமாக ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். அப்பாமார் முகம் பார்க்காமல் கலியாணப் பேச்சை எப்படி எடுப்பது? வாசிகசாலைக்குப் பொறுப்பான கௌசலா இருவரிடமும் தனித்தனியே போய், "அவர் உங்களோட திரும்ப விளையாட ஆசைப்படுறார்" என்று சொல்லிவைத்தாள். பொய்தான். இரண்டு மனிதரைச் சேர்த்துவைக்கச் சொன்ன பொய்யைக் கடவுள் பெரிதுபடுத்தமாட்டார் என்று நம்பி, காலையிலேயே கோயிலில் கற்பூரமும் கொளுத்தியிருந்தாள்.

"பொறு, வாறன்," என்று வெளியே ஓடிய ஸ்ரனிஸ்லஸ், தன் வான் வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருந்த சின்ன மாதா சுரூபத்தைப் பெயர்த்துக்கொண்டு வந்தான். "மாதாவும் பரலோக இராக்கினிதானே. இராணிக்கு இராணி."

உயரம் அளவெடுத்ததுபோல இருந்தது.

நாலு மணிக்கு இருவரும் வந்தார்கள். பஸ்தியாம்பிள்ளை கதிரைகளைப் பார்த்து முகம் சுளித்தார். "அவருக்கு இந்தச் சின்னக் கதிரை சரிவராது, முழங்கால் பிடிக்கும். பிறகு தோத்துப்போட்டுக் கதிரையைச் சாட்டுவார்."

பெரிய கதிரை வந்தது. பாலனுக்குக் கறுப்புக் காய்கள். மாதாவைக் கண்டதும் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். ஆனால் பத்தாவது நகர்த்தலில் அதே மாதாவைக் கொண்டுபோய்ப் பஸ்தியாம்பிள்ளையின் கோட்டைக்கு நேரே நிறுத்தினார். கோட்டையால் மாதாவை வெட்டினால் பாலனின் ஆட்டமே முடிந்துவிடும்.

பஸ்தியாம்பிள்ளை கையை நீட்டினார். இழுத்தார். சிலுவை போட்டுக்கொண்டார்.

"மாதாவை நான் எப்பிடி வெட்டுறது?"

"அப்ப விடும்," என்றார் பாலன்.

மாதா நாலு சிப்பாய்களையும் ஒரு குதிரையையும் வெட்டிக்கொண்டு போனார்.

"இது அநியாயம்! அவருக்கு மட்டும் துணை, எனக்கு ஆருமில்லையோ? அதுவும் எங்கட மாதா!"

கௌசலா அவசரமாக அலுமாரிக்கு மேலே இருந்த பித்தளைப் பிள்ளையாரை இறக்கி, பஸ்தியாம்பிள்ளையின் வெள்ளை இராணிக்குப் பதிலாக வைத்தாள். நியாயம் சரியாகிவிட்டது, ஆட்டம் நின்றுவிட்டது. பாலனால் பிள்ளையாரை வெட்ட முடியவில்லை. பஸ்தியாம்பிள்ளையால் மாதாவை வெட்ட முடியவில்லை. அரைமணி நேரமாகப் பாவம், சிப்பாய்கள் மட்டுமே செத்தன.

"ரெண்டு பேரையும் மாத்தி விடுவம்," என்றான் ஸ்ரனிஸ்லஸ்.

மாதா பஸ்தியாம்பிள்ளையிடம் போனார். பிள்ளையார் பாலனிடம் வந்தார். வந்தவரைப் பாலன் பக்தியோடு தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

"தொட்டாச்சு!" பஸ்தியாம்பிள்ளை துள்ளி எழும்பினார். "தொட்ட காயை நகர்த்தவேணும். அதுதான் சட்டம்!"

"ஓய், நான் கும்பிடத் தொட்டனான்!"

"எதுக்குத் தொட்டாலும் தொட்டதுதான்!"

"நகர்த்தினால் உம்மட குதிரை வெட்டும்!"

"பிள்ளையாரை வெட்ட நானென்ன மிருகமோ? வெட்டமாட்டன். ஆனால் நகர்த்தும்!"

"கள்ளன்!"

"ஆர் கள்ளன்? இருட்டில குதிரையை மேயவிட்ட ஆளெல்லோ நீர்!"

"இனி உம்மட முகத்தில முழிச்சால் என்னைக் கேளும்!" பாலன் சால்வையை உதறிக்கொண்டு எழுந்தார்.

கௌசலாவுக்குக் கண்ணீர் முட்டியது.

"நிப்பாட்டுங்கோ அப்பா! நீங்கள் ரெண்டு பேரும் இப்பிடி நிண்டால் நாங்கள் எப்பிடிக் கலியாணம் கட்டுறது? எனக்கு ஸ்ரனிஸ்லஸ்தான் வேணும்!"

ஸ்ரனிஸ்லஸ் பதாகைக்குப் பின்னால் ஒளிய இடம் தேடினான். பாலன் மெல்ல உட்கார்ந்தார். பஸ்தியாம்பிள்ளையும் உட்கார்ந்தார். இருவரும் தலை நிமிராமல் பலகையையே பார்த்தார்கள்.

தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்ற பஸ்தியாம்பிள்ளையின் மனைவி மார்கிறட் பெருமூச்சு விட்டார்.

"அப்பாடா, வாயைத் திறந்திட்டாய் பிள்ளை! உங்கட விருப்பம் தெரிஞ்சு இவையள் ரெண்டு பேரும் ராசியாகி, ஒண்டாப் போய்க் கலியாண மண்டபம் பதிஞ்சு ஒரு மாசமாகுது. நீயாச் சொல்லுமட்டும் கோவக்காரர் மாதிரி நடிக்கினம், பாக்கிற எனக்குத்தான் அலுத்துப்போச்சு."