நானே ஜெயித்த நாற்பது நிமிஷம்

கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் என் மனைவி ரோண்டாவிடம் நான் எதையும் மறைத்ததில்லை. நல்லவன் என்பதால் அல்ல. முடிந்ததில்லை, அவ்வளவுதான். பொய் சொன்னால் என் காது சிவந்துவிடுமாம். அதைக் கண்டுபிடித்தவளும் அவளேதான். அதனால் போன வசந்தத்தில் டி.வி.க்காரர்கள் அனுப்பிய பதினாறு பக்க ஒப்பந்தத்தைப் படித்ததும் எனக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது. ‘நிகழ்ச்சி ஒளிபரப்பாகும்வரை போட்டியின் முடிவை மனைவி உட்பட யாரிடமும் சொல்லக் கூடாது.’ சொன்னால் வழக்காம். ஆஹா! மனைவியிடம் வாயைத் திறக்காதே என்று சட்டமே சொல்கிறது!

நான் கொல்லன். அமெரிக்காவின் மேற்கோரத்தில் ஓரிகன் மாநிலம்; அதன் வடகிழக்கு மூலையில் வீடு, வீட்டுக்குப் பின்னால் பட்டறை. கத்தி அடித்துப் பிழைக்கிறேன். போட்டி வேறொன்றுமில்லை. நாலு கொல்லர்களைக் கூப்பிட்டு, ஆளுக்கொரு உலை கொடுத்து, மூன்று மணி நேரத்தில் ஒரு கத்தி அடி என்பார்கள். சுற்றுக்கு ஒருவனை வீட்டுக்கு அனுப்புவார்கள். கடைசியில் நிற்பவருக்குப் பட்டம்.

“ஒரே மாதிரி மூணு சட்டை கொண்டு வரச் சொல்லியிருக்காங்க” என்றேன்.

“எதுக்கு? உனக்கு உடம்பு ஒண்ணுதானே?”

“மூணு நாள் எடுக்கிறதை ஒரே நாள்னு காட்டுவாங்களாம்.”

“நீ முப்பது வருஷமா ஒரே சட்டையைத்தானே போட்டுக்கிட்டு இருக்க. உன்னை ஏன் எடுத்தாங்கன்னு இப்பத்தான் புரியுது.”

சொல்லிக்கொண்டே மூன்றையும் தேய்த்தாள். கையால் தடவித் தடவித்தான் தேய்த்தாள். இரண்டு வருஷமாக அவள் கண்ணின் நடுவில் புகை படிந்துகொண்டே வந்தது. முதலில் ஊசி நூல் போயிற்று, அப்புறம் பத்திரிகை எழுத்து. ஓரமாகப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் தெரியும். குளிர்காலம் வரை தாங்கும் என்றார் டாக்டர்.

“அதுக்குள்ள டி.வி.யில உன்னைப் பார்த்துடணும் டாரில். தோத்து நிக்கிற உன் முகம் எனக்கு அத்துப்படி. ஜெயிச்ச முகத்தை ஒரே ஒரு தடவை பார்த்துட்டா போதும்.”

போனேன். முதல் சுற்றிலேயே தோற்றேன்.

எப்படி என்று கேட்காதீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். காய்ச்சிய இரும்பை இறுக வைக்க எண்ணெயில் எப்போது முக்குவது என்பது அதன் நிறத்தில் இருக்கிறது. என் பட்டறையில் நிறம் பார்ப்பது ரோண்டா. அரையிருட்டில் உலை வாயருகே நின்று “போதும், எடு” என்பாள். நான் எடுப்பேன். கண் மங்கிய பிறகும் அந்த வெளிச்சம் மட்டும் அவளுக்குத் தப்பாது. அங்கேயோ நாலு பக்கமும் விளக்கைப் போட்டு நடுப்பகல் ஆக்கி வைத்திருந்தார்கள். இரும்பு பழுத்ததா, கருகியதா, ஒன்றும் புலப்படவில்லை. யாராவது “போதும்” என்பார்கள் என்று மடையன் மாதிரி காத்துக்கொண்டு நின்றேன். யார் சொல்வார்கள்? முக்கினேன். எண்ணெய்க்குள் ‘டிங்’ என்றது. கத்தி நெடுக விரிசல்.

அத்தோடு விட்டார்களா? நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே போவதை மூன்று தடவை எடுத்தார்கள். முதல் தடவை ஒலிவாங்கி படத்தில் விழுந்துவிட்டதாம். இரண்டாம் தடவை நான் வேகமாக நடந்துவிட்டேனாம். ஒரே தோல்வியை மூன்று முறை தோற்றவன் உலகத்தில் நான் ஒருவன்தான். அப்புறம் ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, “முடிவு தெரியாத மாதிரி பேசுங்க, இப்பத்தான் முக்கப் போறேன்னு நம்பிக்கையா சிரிங்க” என்றார்கள். சிரித்தேன். என் காது சிவந்ததை விளக்கு வெளிச்சம் என்று நினைத்திருப்பார்கள்.

சட்டை ஒன்றுதான் அழுக்கு. மற்ற இரண்டும் மடிப்புக் கலையாமல் பெட்டியில் கிடந்தன. விடுவேனா? விடுதி வாசலில் கார் நிறுத்தும் இடத்தில் அவற்றைப் போட்டு மிதித்துப் புரட்டி எடுத்துக்கொண்டு வீடு வந்தேன்.

ரோண்டா மூன்றையும் மோந்து பார்த்தாள். “இது ரெண்டுல மட்டும் ஏன் தார் வாசனை?”

“அது... ஒப்பந்தப்படி சொல்லக் கூடாது.”

“வேர்வை வாசனையைக் காணோமே? அதுவும் ஒப்பந்தத்துல இருக்கா?”

“பதினோராம் பக்கம்.”

கொல்லன் தெருவில் ஊசி விற்கப் பார்த்தேன். அவளும் வாங்கிக்கொண்ட மாதிரிதான் தெரிந்தது.

ஆகஸ்டில் டாக்டர் கணக்கை மாற்றினார். குளிர்காலம் இல்லை, இலையுதிர்காலமாம். நிகழ்ச்சியோ டிசம்பரில். காரில் திரும்பி வந்து வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் கேட்டாள்.

“எப்படியும் நான் பார்க்கப் போறதில்லை. ஜெயிச்சியா? அதை மட்டும் சொல்லு. வழக்குப் போட்டா குருட்டுப் பொம்பளை மேலயா போடுவாங்க?”

தோற்றேன் என்றால் அடுத்து ‘எப்படி’ என்பாள். நீ பக்கத்தில் இல்லாததால் தோற்றேன் என்று நான் சொல்லவேண்டும். கண் போகிற நேரத்தில் அதையா சொல்வது?

“ஜெயிச்சேன்” என்றேன். காது எரிந்தது. அவள் என் முகத்துக்கு நேரேதான் பார்த்தாள். அவளுக்குத் தெரியவில்லை. இனி என் காது இஷ்டம் போல் சிவந்துகொள்ளலாம். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். நான் பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அக்டோபரில் அந்தப் புகை முழுசாக மூடிவிட்டது.

டிசம்பரில் ஒளிபரப்பு நாள் வந்தது. இரவு எட்டு மணிக்கு. சர்ச் ஆட்களையெல்லாம் கூப்பிட வேண்டும், சோள ரொட்டி சுட வேண்டும் என்றாள்.

“ஆள் சேர்க்கக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல இருக்கு.”

“நாம மூச்சு விடலாமான்னு பார்த்தியா?”

சாயங்காலம் முழுக்கப் பட்டறையில் ஒத்திகை பார்த்துவிட்டு, ஏழேமுக்காலுக்கு உள்ளே வந்தேன். டி.வி.யின் சத்தத்தை அமுக்கி, ரிமோட்டை என் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

“அடடா! சத்தம் வரலையே! போச்சு, ஸ்பீக்கர் போச்சு!”

“பாவம்” என்றாள் ரோண்டா. “எனக்குக் கண்ணு போச்சு, அதுக்கு வாய் போச்சு. இனி இந்த வீட்டுல நீ ஒருத்தன்தான் முழுசு. நீயே பார்த்துச் சொல்லு.”

அதற்குத்தானே காத்திருந்தேன்! ஆரம்பித்தேன். நான் உலை மூட்டினேன், சுத்தியல் எடுத்தேன், அடித்தேன்.

“எண்ணெய்ல முக்கப் போறேன் ரோண்டா.”

“நிறம் எப்படி?”

“நீ சொல்ற அதே நிறம்.”

“போதும்னு யாரு சொன்னா?”

திரையில் என் கத்தி அப்போதுதான் விரிசல் விட்டது. “நானேதான் சொல்லிக்கிட்டேன்” என்றேன். திரையில் நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே போனேன். வீட்டில் நான் இரண்டாம் சுற்றுக்குப் போனேன்.

அதற்கப்புறம் ஹேலி என்ற பெண்தான் எல்லாரையும் வென்றாள். அவள் செய்ததையெல்லாம் நான் செய்ததாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் கத்திக்குப் பிடி போட்டாள், நான் பிடி போட்டேன். கூர்மை பார்க்க அவள் கயிற்றை வெட்டினாள், நான் வெட்டினேன். ரோண்டா ஒவ்வொன்றுக்கும் தொடையில் தட்டினாள். நடுவர்கள் கை கொடுத்தார்கள்.

“கத்தியை ரெண்டு கையாலயும் தூக்கிட்டேன்!”

“முகம் எப்படி இருக்கு?”

“யாரு முகம்?”

“உன் முகம்தான். அதைப் பார்க்கத்தானே இத்தனை நாள் இந்தக் கண்ணை இழுத்துப் பிடிச்சு வச்சிருந்தேன்.”

ஹேலியின் முகத்தைப் பார்த்தேன். “சிரிக்கிறேன். கண்ணுல தண்ணி கொட்டுது” என்றேன். இரண்டாவது வாக்கியம் நிஜம்.

ரோண்டா தடவிப் பார்த்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். “நான் பக்கத்துல இருந்திருந்தா அந்தக் கத்தி விரிசல் விட்டிருக்காது டாரில்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “வி... விரிசலா?”

“எங்க கானி அக்கா அஞ்சு மணியிலேருந்தே போன்ல ஒண்ணு விடாம சொல்லிட்டா. நமக்கு அஞ்சு அடிக்கும்போது ஓஹையோவுல எட்டு அடிக்குமேய்யா. அங்க மூணு மணி நேரம் முன்னாடியே போட்டுட்டாங்க. பதினெட்டாவது நிமிஷத்துல நீ வெளிய போயிட்டியாம். நீ நடந்து போனதைப் பார்த்து அக்கா அழுதுட்டா.”

நாட்டின் கிழக்கில் பொழுது முதலில் சாயும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தோன்றவே இல்லை.

“அப்புறம் ஏண்டி என்னை ஒரு மணி நேரம் கத்த விட்ட?”

“நல்லாத்தான்யா இருந்துச்சு. நீ ஜெயிக்கிறதை எனக்கு வேற யாரு காட்டுவா?” குரல் உடைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் துடைத்துக்கொண்டேன். அப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிடித்த கையை விடவில்லை, பிடி மட்டும் இறுகியது.

“ஆமா, ஜெயிச்சது இருபத்தாறு வயசுப் பொண்ணாமே? செம்பட்டை முடியாம், ரொம்ப லட்சணமாம். அக்கா சொன்னா.”

“ஆமா... அதுக்கென்ன?”

“நாப்பது நிமிஷமா வச்ச கண்ணு வாங்காம அவளையாய்யா பார்த்துக்கிட்டு இருந்த?”