பெருங்குடலில் திறக்கும் ஆசாம் போய்

வீட்டில் முதல் பட்டதாரியாக இருப்பதில் ஓர் ஆபத்து உண்டு. எதில் பட்டம் என்று யாரும் கேட்பதில்லை. வைஃபை நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். சித்தப்பாவுக்கு வயிற்றோட்டம் நிற்காவிட்டாலும் என்னைத்தான்.

நான் டாக்டர் இல்லை. மாத்திரைக்கு மேலே பூசும் பூச்சை ஆராய்கிற மாணவன். ("இவ்ளோ படிச்சிட்டு மாத்திரைக்குப் பெயின்ட் அடிக்கிறான்" என்பது லோரி ஓட்டும் சித்தப்பாவின் விளக்கம்.) இரைப்பையின் புளிப்பில் கரையாமல் தாக்குப்பிடித்து, பெருங்குடல் பக்கம் போன பிறகே திறக்கிற பூச்சு. சித்தப்பாவுக்குப் பெருங்குடலில் புண். சாப்பிடுவதும் அந்த வகை மாத்திரைதான். எனவே அவருடைய குடலுக்கே நான்தான் பொறுப்பாளர் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சித்தப்பாவின் மகளை, என் தங்கச்சியை, பெண் பார்க்க வருகிறார்கள். காலையில் காப்பார் வீட்டிலிருந்து சித்தி போன் செய்தார்.

"தம்பி, உன் சித்தப்பா மருந்தையே நிறுத்திட்டாரு. டாய்லெட்டே கதின்னு கிடக்காரு. இன்னிக்குச் சமாளிச்சிடலாம். கல்யாணத்துல மணவறையில உட்கார வேணாமா? நீ வந்து சொல்லு லா."

பிரிக்பீல்ட்ஸ் அறையிலிருந்து சோடா மாவுப் பொட்டலத்துடன் கொம்யூட்டர் ரயில் ஏறினேன்.

"போட்ட மாத்திரை போட்ட மாதிரியே வெளிய வருதுடா. என் கண்ணால பார்த்தேன்" என்றார் சித்தப்பா.

"அது வெறும் கூடு, சித்தப்பா."

"கூடா? நீ பார்த்தியா, நான் பார்த்தேனா?"

இதற்கு மேல் விஞ்ஞானம்தான் பேச வேண்டும். ஹாலில் இரண்டு கிளாஸ் வைத்தேன். ஒன்றில் எலுமிச்சைச் சாறு: இரைப்பை. இன்னொன்றில் சோடா மாவுத் தண்ணீர்: பெருங்குடல். செம்பழுப்பு மாத்திரை ஒன்றை இரைப்பையில் போட்டேன். அதற்குள் வாசலில் கார் வந்தது. சித்தப்பா டாய்லெட்டுக்கு ஓடினார். நான் கேட்டைத் திறக்க ஓடினேன்.

காரை ஒழுங்காக நிறுத்தவைத்துவிட்டுத் திரும்பினால், மாப்பிள்ளையின் அப்பா என் இரைப்பையைக் குடித்து முடித்திருந்தார்.

எலுமிச்சைச் சாறு, அடியில் ஒரு பழுப்பு உருண்டை. ஆசாம் போய் என்கிற உப்புப் பழம் போட்ட லிமாவ் ஜூஸ் என்று நினைக்காத மலேசியன் யார்?

"சீனியே போடல. எனக்கு டயபெட்டிஸ்னு தெரிஞ்சு வெச்சிருக்கீங்க. நல்ல குடும்பம் லா" என்றார் நெகிழ்ந்துபோய். "ஆசாம் போய்தான் வழுக்கி உள்ள போயிடுச்சு."

"அங்கிள், உங்களுக்கு ஆஸ்பிரின் ஒத்துக்குமா?" என்று கேட்டேன். (சித்தப்பாவின் மாத்திரை ஆஸ்பிரினுக்குச் சொந்தக்காரன். ஆனாலும் பெண் பார்க்க வந்தவரை உலகில் யாரும் இப்படி வரவேற்றிருக்க மாட்டார்கள்.)

"ஒத்துக்கும். ஏன்?"

சொன்னேன். அமிலம், காரம், பாலிமர் என்று வகுப்பே எடுத்தேன். கேசரித் தட்டுடன் வந்த தங்கச்சி சிலையாக நின்றாள்.

"தம்பி, அதெல்லாம் இருக்கட்டும். எனக்கு இப்ப என்ன ஆவும்?"

"அது லோரி மாதிரி, அங்கிள்!" பதற்றத்தில் கத்தினேன். "வழியில எங்கயும் கதவு திறக்காது. நேரா பெருங்குடலுக்குப் போய்த்தான் சரக்கை இறக்கும். அப்புறம் காலி லோரி வெளிய வந்துடும்!"

டாய்லெட் கதவு திறந்தது.

"டேய், இதை மொதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?" என்றபடி வந்த சித்தப்பா, வெளிறிப்போயிருந்த விருந்தாளியைப் பார்த்தார். சொந்தக்காரர்களுக்கே சொல்லாமல் மறைத்த வியாதியை ஒரே மூச்சில் சொன்னார்: "பயப்படாதீங்க சம்பந்தி. அது என் மருந்து. எனக்குக் குடல்ல புண்ணு. பாருங்க, நானும் போடறேன்." ஒரு மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு எதிரே இருந்த கிளாஸை எடுத்தார். அது பெருங்குடல்! பாய்ந்து பிடுங்கி, நல்ல தண்ணீர் கொடுத்தேன்.

மருந்தகத்துக்குப் போன் செய்து, ஒரு மாத்திரையால் பயமில்லை என்று நான் கேட்டுச் சொன்ன பிறகுதான் மாப்பிள்ளையின் அப்பா கேசரியைத் தொட்டார்.

"சம்பந்தின்னு கூப்பிட்டுட்டீங்க. ஒரே மாத்திரையும் போட்டாச்சு. இனிமே பேச என்ன இருக்கு?" என்றார்.

கல்யாணத்தன்று எல்லாரும் தாலியைப் பார்த்தார்கள். நான் சித்தப்பாவைப் பார்த்தேன். கடைசி வரை எழுந்திருக்கவில்லை.

சம்பந்தி மட்டும் ஒவ்வொரு தீபாவளிக்கும் என்னைக் கண்டதும் வயிற்றைத் தட்டிக்காட்டுவார்.

"தம்பி, அந்த லோரி இன்னும் திரும்பி வரல லா."