கன்னத்தில் ஒரு வாய்

மிளகின் வலது கன்னத்தில் அந்த வாய் மறுபடியும் வந்திருந்தது.

மேலே ஒரு வளைவு, கீழே ஒரு வளைவு. சிவந்து தடித்திருந்தது. லிஃப்ட் மெக்கானிக் மகளை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அது ஏதோ சொல்ல வருவதுபோல் இருந்தது.

"அரிக்குதாடா?"

"கொஞ்சம்," என்றாள் மிளகு. ஆள் சிறிசு, பேச்சு காரம் என்பதால் அந்தப் பட்டப்பெயர்.

"என்ன சாப்பிட்டா?" என்று மனைவியைக் கேட்டார்.

"நான் குடுத்த சோறுதாங்க. தனிப் பாத்திரம், தனிக் கரண்டி. இந்த வீட்டுல கோதுமை ஏது?"

வாஸ்தவம்தான். யாரோ கொடுத்த ஒரு கடி பிஸ்கட்டில், கோதுமை ஆகாமல் மிளகுக்கு மூச்சு முட்டி உதடு நீலம் பாரித்த நாளோடு ரொட்டி, கேக், மைதா, ரவை எல்லாம் வீட்டை விட்டு வெளியேறிவிட்டன. பொட்டலத்தின் பொடி எழுத்தை மனைவி ஒரு வரி விடாமல் படித்த பிறகுதான் எதுவும் உள்ளே வரும். குழந்தைக்கு இல்லாதது நமக்கும் வேண்டாம், வெளியிலும் தொடமாட்டோம் என்று மூன்று பெரியவர்களும் அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்திருந்தார்கள். மூன்றாவது பெரியவர் மச்சான், மனைவியின் தம்பி. வேலை தேடி வந்து தங்கியவன், வேலை கிடைத்த பிறகும் கிளம்பாதவன்.

அவன் எட்டிப் பார்த்தான். "அத்தான், இது சொறி இல்ல, வாய். ஏதோ ஒண்ணு வந்து முத்தம் குடுத்துட்டுப் போகுது."

"போடா, நீயும் உன் பேயும்!"

"சிரிங்க, சிரிங்க. சாயங்காலமானா படிக்கட்டுல சத்தம் கேக்குதே, அது யாரு?"

மெக்கானிக்கின் சிரிப்பு பாதியில் நின்றது. அவரும் கேட்டிருந்தார். காலடி மெல்ல ஏறிவரும். வாசலுக்குக் கீழே, பல்பு எரியாத அந்தத் திருப்பத்தில் நின்றுவிடும். அப்புறம் யாரோ சருகைக் கசக்குவதுபோல் ஒரு சரசரப்பு. அப்புறம் ஒன்றுமே இருக்காது. தைரியத்தைத் திரட்டிக் கதவைத் திறந்தால் மனைவியோ மச்சானோ வந்துகொண்டிருப்பார்கள். "படியில யாரையாவது பாத்தியா?" என்று கேட்டால், வேர்த்த முகத்தோடு "இல்லையே" என்பார்கள். இருட்டான லிஃப்ட் குழிக்குள் தனியாக இறங்கி வேலை பார்க்கும் மனிதர், சொந்த வீட்டுக் கதவுக்கு இரண்டு தாழ்ப்பாளும் போட்டுக்கொண்டார்.

டாக்டரம்மா கன்னத்தைப் பார்த்தார். "வயித்துக்குள்ள போனாத்தான்னு இல்ல. கோதுமை சாப்பிட்டுட்டு வாய் கழுவாம முத்தம் குடுத்தாலே பட்ட இடம் தடிச்சிரும். அதுவே குழந்தை வாய்க்குள்ள போச்சுன்னா மூச்சு அடைச்சிடும். நான் குடுத்த ஊசி எப்பவும் கைக்கெட்டுற தூரத்துல இருக்கட்டும்."

"நாங்க யாரும் தொடறதே இல்லையே டாக்டர்," என்று மூவரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஒத்திகை பார்த்தால்கூட அவ்வளவு ஒற்றுமை வந்திருக்காது.

மெக்கானிக் மெல்ல வாயைத் துடைத்துக்கொண்டார். வேலை முடிந்ததும் தினம் ஒரு கிரீம் பன். அதுவும் வேறொரு கட்டடத்து மோட்டார் ரூமில், கதவைச் சாத்திக்கொண்டு. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, மகளின் வலது கன்னத்தில் ஒரு முத்தம். அடப் பாவி, பேய் நான்தானா!

வாயைத் திறக்கவில்லை. மனைவிக்குத் தெரிந்தால் பிஸ்கட் போன வழியே தன்னையும் அனுப்பிவிடுவாள் என்று பயம். பன்னை விட்டார். சோப்புப் போட்டு முகம் கழுவினார். கன்னம் தெளிந்தது; வீடே குழந்தையைத் தூக்கிக் கொஞ்சியது. விசிலடித்தபடி வீட்டைச் சுற்றி வந்தார்.

அந்த வாரமே, இடது கன்னத்தில் ஒரு வாய் முளைத்தது. முன்னதைவிடச் சின்ன வாய்.

முதல் பேய் தான்தான் என்று தெரிந்த மனிதருக்கு, இது தான் இல்லை என்பதும் நிச்சயமாகத் தெரியுமே! அப்படியானால் நிஜமாகவே ஏதோ ஒன்று வீட்டுக்குள் வருகிறது.

மனைவி வெளிறிப்போய் நின்றாள். சட்டென்று குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். வெகுநேரம் குழாய்ச் சத்தம் கேட்டது. பாவம், அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

"இடம் மாறுது பாத்தீங்களா?" என்றான் மச்சான். "குழந்தைய ஒரு நிமிஷம் தனியா விடக்கூடாது. யாராவது மடியிலயே வெச்சுக்கணும்."

அப்படியே செய்தார்கள். மறுநாள் நெற்றியில் ஒரு வாய். அதன்மேல் மீசை உரசிய மாதிரி மெல்லிய கோடுகள் வேறு.

இந்த முறை கணவனும் மனைவியும் கையைப் பிடித்துக்கொண்டு நடுங்கினார்கள். பேய் நிபுணன் ஒரு வார்த்தை பேசவில்லை. அவனும் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டான். அவனே வாயடைத்துப் போனால் மற்றவர்கள் என்ன ஆவது?

பயம் வந்தால் சிலருக்குப் பசி வரும். அடுத்த நாள் மெக்கானிக் விட்ட பன்னை மறுபடி பிடித்தார், அதுவும் ஒன்றுக்கு இரண்டாக. பேய் பயத்தில் சோப்பு மறந்தே போனது. அன்று மாலை படிக்கட்டில் காலடி வந்தது, நின்றது, சரசரத்தது. சிறிது நேரத்தில் மறுபடியும் வந்தது, நின்றது, சரசரத்தது. மனைவியும் மச்சானும் ஒருவர்பின் ஒருவராக உள்ளே ஓடிவந்தார்கள். மூவரும் மிளகைக் கட்டிக்கொண்டு, எங்கே இவளைப் பறிகொடுத்துவிடுவோமோ என்று மாறி மாறி முத்தமிட்டார்கள்.

மிளகு இருமினாள். உதடு வீங்கியது. "அப்பா, தொண்டை..." என்றாள், வேறு யாரோ பேசுவது போன்ற குரலில்.

மனைவி ஊசியை எடுத்து மகளின் தொடையில் குத்தினாள். மெக்கானிக் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். வாழ்நாள் முழுக்க லிஃப்டை நம்பிப் பிழைத்தவர், அன்று அதற்குக் காத்திருக்காமல் படியில் பாய்ந்தார்.

மருத்துவமனையில் மூச்சு சீரான பிறகு டாக்டரம்மா கதவைச் சாத்தினார். "உண்மையச் சொல்லுங்க. யாரு கோதுமை சாப்பிட்டது?"

மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கினார். திறந்து பார்த்தால் மூன்று கைகள் உயர்ந்திருந்தன.

"நீயுமா?"

"நீங்களுமா?"

"அப்போ படியில சரசரத்தது?"

"பிஸ்கட் காகிதத்தக் கசக்கினேங்க," என்றாள் மனைவி.

"எனக்கு கேக்கு அத்தான்," என்றான் மச்சான். "நான் கேட்டது அக்காவோட சத்தம்தான் போல."

மெக்கானிக் அழுதேவிட்டார். "என் புள்ளைய நானே கொல்லப் பாத்தேனே!"

டாக்டரம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "உனக்காவது தெரியுமாடா, இது எதனால வருதுன்னு?"

"தெரியும்," என்றாள் மிளகு. "அப்பா வாய்ல பன் வாசனை, அம்மா வாய்ல பிஸ்கட் வாசனை, மாமா வாய்ல கேக்கு வாசனை."

"தெரிஞ்சா ஏண்டி சொல்லல?" என்று அம்மா அலறினாள்.

மிளகு வீங்கிய உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"சொன்னா முத்தம் குடுக்கறத நிறுத்திடுவீங்களே."