இடைவெளி கேட்காத காது

காதில் மெஷின் மாட்டுவதில்லை என்று சபதம் செய்துவிட்டேன். இந்த வேம்புலி சொன்னால் சொன்னதுதான். பெண்டாட்டி கன்னியம்மா வேறு மாதிரி சொல்லும்வரை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வருஷக்கணக்காகத் தகடு அடிக்கிற பிரஸ் மெஷின் பக்கத்தில் நின்ற காது இது. ஆவடி டாக்டர் சொன்னார்: "சத்தம் கேக்குதுப்பா. ரெண்டு சத்தத்துக்கு நடுவுல இருக்கிற இடைவெளிதான் கேக்கல. அதான் வார்த்தையெல்லாம் ஒட்டிக்குது."

"இடைவெளின்னா சத்தமே இல்லாத எடம். இல்லாத சத்தத்த எவன் சார் கேப்பான்?" என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வினை வந்தது. அடுப்படியிலிருந்து கன்னியம்மா கத்தினாள். "ஏங்க, மாவரைங்க!" என்று காதில் விழுந்தது. என் பெண்டாட்டி எனக்கு 'ங்க' போட்டதே இல்லை. அந்தச் சந்தோஷத்திலேயே அரிசியைத் தூக்கிக்கொண்டு மில்லுக்கு ஓடினேன்.

அவள் சொன்னது: "எங்கம்மா வராங்க!"

வேப்பம்பட்டு மாமியார் ஆவடி ஸ்டேஷனில் பலாப்பழத்தோடு காத்திருந்து, அழைக்க ஆள் வராததால், பலாப்பழத்தோடே திரும்பிவிட்டார்.

"நாளைக்கே மெஷின் மாட்டிகினு வர்றே!"

"என் காது நல்லாத்தான் கீது. நீதான் ஒட்டி ஒட்டிப் பேசறே."

"அப்போ பந்தயம். திரைக்குப் பின்னால கை தட்றேன். ஒண்ணா, ரெண்டான்னு சொல்லு. தப்பாச்சுன்னா மெஷின்."

"வெச்சுக்கோ! ஜானகிராமன் நடுவர்."

ஜானகிராமன் பக்கத்து ஊட்டுக்காரன், என் ஆள். அவளையும் என்னையும் பார்க்கிற மாதிரி நிற்பான். ரெண்டு தட்டினால் மூக்கைச் சொறிவான். ஒன்றென்றால் சும்மா இருப்பான். டீக்கடையில் பேசி முடித்துவிட்டேன்.

டப். மூக்கைச் சொறிந்தான்.

"ரெண்டு!"

டப். சிலையாக நின்றான்.

"ஒண்ணு!"

டப். மூக்கு.

"ரெண்டு! இன்னா கன்னிம்மா, இன்னும் வேகமா தட்டேன், பாக்கலாம்!" மீசையை முறுக்கினேன்.

அடுத்தது சுத்தமாகக் கேட்கவில்லை. ஆனால் ஜானகிராமன் மூக்கைத் தோலுரிக்கிற மாதிரி சொறிந்தான்.

"ரெண்டு!"

திரை விலகியது. கன்னியம்மாவின் இரண்டு கையும் ஒரு பெரிய வடைத்தட்டைப் பிடித்திருந்தன.

"நான் எங்கய்யா தட்டினேன்?" என்றவள், தட்டை ஜானகிராமனிடம் நீட்டினாள். "எடுத்துக்கோங்கண்ணே. மொதல்லயே வந்து சொன்னீங்களே, அதுக்கு."

"மன்னிச்சுக்கோ மச்சான், நீ வெறும் டீதானே வாங்கிக் குடுத்தே?" என்றான் துரோகி, வாய் நிறைய வடையோடு.

மெஷின் மாட்டிக்கொண்டேன். ஆனால் வலது காதில் மட்டும். இடது காது இன்னும் சரணடையவில்லை, அடையவும் அடையாது!

கன்னியம்மா இப்போதெல்லாம் வலது பக்கம்தான் உட்காருகிறாள்.